மைதானத்தில் ஏன் மண்டியிடுகிறார்கள்?

2021 அக்டோபர் 24. துபாயில் டி20 உலகக்கோப்பை ஆட்டம். உலகக்கோப்பை வரலாற்றில் இந்தியா முதன்முறையாகப் பாகிஸ்தானிடம் தோற்ற நாள் என்றால் பலருக்கு உடனே நினைவு வரும். ஆனால் முதல் பந்து வீசப்படும் முன் நடந்த ஒன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கும் என்று தெரியவில்லை. தொடக்க ஆட்டக்காரர்கள் ரோகித் சர்மாவும் கே.எல். ராகுலும் ஆடுகளத்தருகே ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி அமர்ந்தார்கள். மற்ற இந்திய வீரர்கள் எல்லைக்கோட்டுக்கு வெளியே அதேபோல் மண்டியிட்டார்கள். பாகிஸ்தான் வீரர்கள் நெஞ்சில் கைவைத்து நின்றார்கள். சில விநாடிகள்தான். எழுந்தார்கள், ஆட்டம் தொடங்கியது.

எதற்காக என்று வீட்டில் ஒரு சிறுவன் கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்போம்? 'நிறவெறிக்கு எதிராக' என்று இரண்டு சொல்லில் முடித்திருப்போம். தவறில்லை. ஆனால் அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் வேலை இழந்தவர்கள் இருக்கிறார்கள், பதக்க மேடையிலிருந்து நேரே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் இருக்கிறார்கள், காவலர்களின் துப்பாக்கிக்குப் பலியானவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தெரிந்துகொள்ளாமல் அந்த முழங்காலைப் புரிந்துகொள்ள முடியாது.

முழங்கால் எங்கிருந்து வந்தது

கோலின் கேப்பர்னிக் என்ற பெயரிலிருந்து தொடங்கலாம். அமெரிக்கக் கால்பந்து வீரர். நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் வேறு. இது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது. அதில் குவாட்டர்பேக் என்பவர்தான் அணியின் மூளை. கேப்பர்னிக் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணியின் குவாட்டர்பேக். 2013 பிப்ரவரியில் அணியை சூப்பர் பௌல் என்னும் இறுதிப்போட்டி வரை கொண்டுபோனவர்.

அமெரிக்காவில் உள்ளூர் லீக் ஆட்டமானாலும் தொடங்கும் முன் தேசிய கீதம் ஒலிக்கும். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். 2016 ஆகஸ்டில், சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களில், கேப்பர்னிக் எழவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதல் இரண்டு ஆட்டங்களில் அது யார் கண்ணிலும் படவில்லை. அவரும் யாரிடமும் சொல்லவில்லை. ஆகஸ்ட் 26 அன்று நடந்த மூன்றாவது ஆட்டத்தில்தான் ஒரு புகைப்படத்தின் வழியாக விஷயம் வெளியே வந்தது. காரணம் கேட்ட செய்தியாளரிடம் அவர் சொன்னதன் சாரம் இது: கறுப்பின மக்களை ஒடுக்கும் ஒரு நாட்டின் கொடிக்குப் பெருமை சேர்க்க நான் எழுந்து நிற்கப்போவதில்லை, தெருவில் பிணங்கள் கிடக்கின்றன, கொன்றவர்கள் சம்பளத்தோடு விடுப்பில் போகிறார்கள்.

அந்தச் 'சம்பளத்தோடு விடுப்பு' என்ற சொல்லில்தான் முழு விவகாரமும் அடங்கியிருக்கிறது. அமெரிக்காவில் போலீஸ் அதிகாரி ஒருவர் யாரையாவது சுட்டுவிட்டால், விசாரணை முடியும் வரை அவரைச் சம்பளத்துடன் விடுப்பில் அனுப்புவது வழக்கம். பல ஊர்களில் விசாரிப்பதும் போலீஸ்தான். வழக்குத் தொடரப்படுவது அரிது, தண்டனை கிடைப்பது அதைவிட அரிது. அடிமை முறையும் அதன்பின் வந்த இனப் பாகுபாட்டுச் சட்டங்களும் பல தலைமுறைகளாக நசுக்கிய ஒரு மக்கள் கூட்டம், மக்கள்தொகையில் தன் பங்குக்கு மீறிய அளவில் போலீஸ் குண்டுக்குப் பலியாகிறது. கேப்பர்னிக் கேட்டது இதைத்தான்.

தமிழ் வாசகருக்கு இது புரியாத விஷயமாக இருக்க முடியாது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது நாடு கொதித்தது. ஷிகர் தவான், அஸ்வின் போன்ற கிரிக்கெட் வீரர்களும் அப்போது குரல் கொடுத்தார்கள்.

உட்கார்ந்திருந்தது எப்படி மண்டியிடுவதாக மாறியது என்பது பலருக்கும் தெரியாத பகுதி. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். நேட் போயர் என்று ஒருவர். அமெரிக்க ராணுவத்தின் சிறப்புப் படையில் இருந்தவர், பிறகு கால்பந்தும் ஆடியவர், வெள்ளையர். கேப்பர்னிக் உட்கார்ந்திருந்த படம் அவரைக் காயப்படுத்தியது. திட்டித் தீர்க்காமல் ஒரு திறந்த மடல் எழுதினார்: எனக்குக் கோபம் வந்தது, ஆனாலும் உங்கள் தரப்பைக் கேட்கத் தயாராக இருக்கிறேன் என்று. கேப்பர்னிக் அவரை அழைத்தார். செப்டம்பர் 1 அன்று சான் டியாகோவில் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் சந்தித்தார்கள். அணித்தோழர் எரிக் ரீடும் உடனிருந்தார். உட்கார்ந்திருப்பது அலட்சியமாகத் தெரிகிறது, அணியினரோடு சேர்ந்து ஒரு முழங்காலில் மண்டியிடுங்கள் என்றார் போயர். போரில் இறந்த தோழனின் கல்லறை முன் ராணுவ வீரர்கள் அப்படித்தான் மண்டியிடுவார்கள் என்று விளக்கினார்.

அன்று மாலையே அது நடந்தது. ராணுவத்தைக் கௌரவிக்கும் விழாவாக அந்த ஆட்டம் அறிவிக்கப்பட்டிருந்தது. கேப்பர்னிக்கும் ரீடும் மண்டியிட்டார்கள். அவர்கள் அருகிலேயே போயர் நெஞ்சில் கைவைத்து நிமிர்ந்து நின்றார். ஒருவர் முழங்காலில், ஒருவர் நின்றபடி, தோளுக்குத் தோள். ராணுவத்தை அவமதிப்பதாகப் பிற்பாடு உலகமே வாதிட்ட அந்தச் செய்கையை வடிவமைத்துக் கொடுத்ததே ஒரு ராணுவ வீரர்தான்.

பேச்சு திசைமாறியது

வீரர் பேசிய விஷயம் போலீஸ் வன்முறை. நாடு விவாதித்த விஷயம் கொடி. இப்படித் திசைமாறுவது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கொடியைப் பற்றிப் பேசுவது எளிது. அங்கே யாரும் செத்துக் கிடப்பதில்லை.

2017 செப்டம்பர் 22 அன்று, அலபாமா மாநிலத்தில் ஒரு கூட்டத்தில், அதிபர் டிரம்ப் மண்டியிடும் வீரர்களைக் கெட்ட வார்த்தையால் ஏசி, அவர்களை வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று அணி உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டார். அந்த வார இறுதியில் 200க்கும் மேற்பட்ட வீரர்கள் மண்டியிட்டார்கள் அல்லது உட்கார்ந்தார்கள்.

ஆனால் கேப்பர்னிக் அப்போது மைதானத்தில் இல்லை. 2017 மார்ச்சில் பழைய ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்தவரை அமெரிக்கக் கால்பந்து லீக்கின் 32 அணிகளில் ஒன்றுகூட எடுக்கவில்லை. அப்போது வயது 29. 'அவர் ஆட்டம் சரியில்லை, அதனால்தான்' என்று சொல்பவர்கள் உண்டு. அவருடைய அணி 2016 சீசனில் 16 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வென்றது உண்மைதான். அதே சீசனில் அவர் எறிந்த பந்துகளில் 16 டச்டவுன் (நம் கால்பந்தின் கோல் போல) ஆயின, எதிரணி இடைமறித்தவை நான்குதான் என்பதும் உண்மை. அவரைவிடச் சுமாரான குவாட்டர்பேக்குகளுக்கு வேலை கிடைத்துக்கொண்டிருந்தது. உரிமையாளர்கள் கூட்டுச் சேர்ந்து தன்னை ஒதுக்கிவிட்டதாக 2017 அக்டோபரில் அவர் முறையிட்டார். 2019 பிப்ரவரியில் சமரசம் ஆனது. அதன்பிறகும் அந்த லீக்கில் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. வேலை போகும் முன்பே, ஒடுக்கப்பட்டோருக்காக உழைக்கும் அமைப்புகளுக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக வாக்களித்தவர், அதைக் கொடுத்தும் முடித்தார்.

இங்கே புதியவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று வரும். அமெரிக்காவில் பேச்சுரிமை இருக்கிறதே, பிறகு எப்படி வேலையை விட்டு ஒதுக்க முடியும்? அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அரசின் கையைத்தான் கட்டிப்போடுகிறது. கால்பந்து அணி தனியார் முதலாளியின் சொத்து. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே அந்தத் திருத்தம் வராது. ஒப்பந்தமும் தொழிற்சங்கமும்தான் வரும். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கினாலும் வீரர் ஒரு தொழிலாளி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அந்த லீக்கிலும் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கிலும் ஆடுபவர்களில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர்; அணிகளின் உரிமையாளர்கள் ஏறத்தாழ எல்லோரும் வெள்ளையர்.

முன்னோடிகள்

1967 ஏப்ரலில் முகமது அலி ராணுவத்தில் சேர மறுத்ததும், பட்டம் பறிக்கப்பட்டு மூன்றரை ஆண்டுகள் குத்துச்சண்டை வளையத்துக்கு வெளியே நின்றதும் எல்லோரும் அறிந்த கதை. 1996இல் மஹ்மூத் அப்துல் ரவூஃப் என்ற கூடைப்பந்து வீரர் தேசிய கீதத்துக்கு எழ மறுத்தது அவ்வளவாகத் தெரியாது. அவரை லீக் இடைநீக்கம் செய்தது. எழுந்து நின்று, தலைகுனிந்து பிரார்த்திப்பதாக ஏற்றுக்கொண்டு திரும்பினார். அந்தக் கோடையிலேயே அவரை வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள். சில ஆண்டுகளில் லீக்கிலிருந்தே மறைந்துபோனார். கேப்பர்னிக்குக்கு நடந்தது புதிதல்ல என்பதற்கு இவரே சாட்சி.

1968 மெக்சிகோ ஒலிம்பிக் படத்தைப் பார்க்காதவர் குறைவு. 200 மீட்டர் ஓட்டத்தில் 19.83 விநாடியில் உலக சாதனை படைத்துத் தங்கம் வென்ற டாமி ஸ்மித்தும், வெண்கலம் வென்ற ஜான் கார்லோஸும் கறுப்புக் கையுறை அணிந்த முஷ்டியை உயர்த்தி நிற்கிறார்கள். படத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். இருவர் காலிலும் ஷூ இல்லை, கறுப்புக் காலுறை மட்டும்; கறுப்பின மக்களின் வறுமையைக் காட்ட. ஸ்மித் வலக்கையை உயர்த்தியிருக்கிறார், கார்லோஸ் இடக்கையை. கார்லோஸ் தன் கையுறைகளை மறந்துவிட்டு வந்ததால் ஒரே ஜோடியைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அந்த யோசனையைச் சொன்னவர் இரண்டாம் இடத்தில் நிற்கும் வெள்ளையரான ஆஸ்திரேலிய வீரர் பீட்டர் நார்மன். அவர் கை உயரவில்லை. ஆனால் மார்பில், மற்ற இருவரும் அணிந்திருக்கும் அதே மனித உரிமை வில்லை இருக்கிறது.

ஸ்மித்தும் கார்லோஸும் ஒலிம்பிக்கிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். நார்மன் அதன்பின் ஒலிம்பிக்கில் ஓடவே இல்லை. அன்று அவர் ஓடிய 20.06 விநாடி 2024 வரை ஆஸ்திரேலிய சாதனையாக நீடித்தது. 2006இல் அவர் இறந்தபோது சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர்கள் ஸ்மித்தும் கார்லோஸும்.

பெண்கள் முந்திக்கொண்டார்கள்

கேப்பர்னிக்குக்கு ஏழு வாரம் முன்பே, 2016 ஜூலை 9 அன்று, மினசோட்டா லிங்க்ஸ் என்ற பெண்கள் கூடைப்பந்து அணி கறுப்புச் சட்டையில் பயிற்சிக்கு வந்தது. 'மாற்றம் நம்மிடமிருந்து தொடங்குகிறது' என்று முன்பக்கம் எழுதியிருந்தது. அந்த வாரம் போலீஸ் சுட்டுக்கொன்ற ஃபிலாண்டோ காஸ்டில், ஆல்டன் ஸ்டெர்லிங் ஆகியோரின் பெயர்கள் பின்பக்கத்தில். அதே வாரம் டாலஸ் நகரில் ஐந்து போலீஸார் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார்கள். அந்த நகரப் போலீஸின் சின்னத்தையும் சட்டையில் சேர்த்திருந்தார்கள். இதைவிட நிதானமாக ஓர் எதிர்ப்பைச் சொல்ல முடியுமா? இருந்தும், அரங்கில் பாதுகாப்புப் பணிக்கு வந்திருந்த நான்கு போலீஸார் வேலையை விட்டு வெளியேறினார்கள். இதேபோல் சட்டை அணிந்த வேறு மூன்று அணிகளுக்கு லீக் அபராதம் போட்டது. எதிர்ப்பு வலுத்ததும் திரும்பப் பெற்றது.

இந்த வீராங்கனைகளின் சம்பளம் ஆண்கள் வாங்குவதில் ஒரு துளி. இழந்தால் தாங்கிக்கொள்ள வங்கியில் பெரிதாக எதுவும் இல்லாதவர்கள் முதலில் எழுந்தார்கள். இந்த வரலாற்றை எழுதும் பலரும் இதை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த லிங்க்ஸ் அணியின் நட்சத்திரம் மாயா மூர். 2019இல், புகழின் உச்சியில், ஆட்டத்தை நிறுத்திவிட்டார். 50 ஆண்டு தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த ஜோனதன் அயன்ஸ் என்பவரை மீட்கும் போராட்டத்துக்குத் தன் நேரத்தைக் கொடுத்தார். 2020 மார்ச்சில் தண்டனை ரத்தானது. ஜூலை 1 அன்று அயன்ஸ் சிறை வாசலைத் தாண்டி வெளியே வந்தபோது மாயா அங்கே காத்திருந்தார்.

மண்டியிட்டால் போதாது என்ற நாள்

2020 மே 25. மினியாபோலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தில் ஒரு போலீஸ் அதிகாரி முழங்காலை வைத்து 9 நிமிடம் 29 விநாடி அழுத்தினார். ஒரு சிறுமி அதைப் படமெடுத்தாள். உலகமே பார்த்தது. 'வீரர்கள் சொன்னதை முன்பே கேட்காதது எங்கள் தவறு' என்று அமெரிக்கக் கால்பந்து லீக்கின் தலைவர் ஜூன் 5 அன்று காணொளியில் ஒப்புக்கொண்டார். அதில் கேப்பர்னிக்கின் பெயரைச் சொல்லவில்லை.

இங்கிலாந்துக் கால்பந்து லீக்கில் எல்லா அணிகளும் மண்டியிட ஆரம்பித்தன. ஜூலை 8 அன்று சவுத்தாம்ப்டனில் இங்கிலாந்தும் மேற்கிந்தியத் தீவுகளும் மண்டியிட்டுத்தான் டெஸ்ட் தொடரைத் தொடங்கின. அன்று வர்ணனைக் குழுவில் இருந்த மேற்கிந்தியத் தீவுகளின் முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் மைக்கேல் ஹோல்டிங் இனவெறியைப் பற்றிப் பேசியதைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். துபாயில் நம் வீரர்கள் செய்தது இந்தத் தொடரின் நீட்சி.

அமெரிக்கக் கூடைப்பந்து லீக் அப்போது கொரோனா காரணமாக ஒர்லாண்டோவில், டிஸ்னி வளாகத்துக்குள் அடைபட்டு நடந்தது. ஆடுகளத்தின் தரையிலேயே 'கறுப்பு உயிர்களும் முக்கியம்' என்ற முழக்கம். சட்டையில் பெயருக்குப் பதில் முழக்கம் எழுதிக்கொள்ளலாம், லீக் அனுமதித்த பட்டியலிலிருந்து. கீதத்தின்போது ஏறத்தாழ எல்லோரும் மண்டியிட்டார்கள். யாருக்கும் தண்டனை இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒருவரின் பிழைப்பைப் பறித்த செய்கை இப்போது நிகழ்ச்சி நிரலில் ஓர் அம்சம். இதை வெற்றி என்றும் சொல்லலாம். ஆனால் அனுமதி வாங்கிச் செய்யும் எதிர்ப்புக்குக் கூர்மை குறைந்துவிடுகிறது. அது யாரையும் தொந்தரவு செய்வதில்லை.

ஆகஸ்ட் 23 அன்று விஸ்கான்சின் மாநிலம் கெனோஷாவில் ஜேக்கப் பிளேக் என்ற கறுப்பின இளைஞரை ஒரு போலீஸ்காரர் பின்னாலிருந்து ஏழு முறை சுட்டார். பிழைத்துக்கொண்டார், ஆனால் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. கெனோஷாவுக்குப் பக்கத்துப் பெருநகரம் மில்வாக்கி. அந்த நகரின் அணி மில்வாக்கி பக்ஸ், ஒர்லாண்டோவில் பிளேஆஃப் என்னும் வெளியேற்றுச் சுற்று ஆடிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 26. கேப்பர்னிக்கின் படம் வெளியாகிச் சரியாக நான்கு ஆண்டுகள். எதிரணி பந்தை எறிந்து தயாராகிக்கொண்டிருக்கிறது. ஆட்டம் தொடங்க எத்தனை நிமிடம் என்று கடிகாரம் இறங்கிக்கொண்டே வருகிறது. பக்ஸ் வீரர்கள் அறையிலிருந்து வெளியே வரவில்லை. ஜார்ஜ் ஹில் தான் ஆடப்போவதில்லை என்றார். ஸ்டெர்லிங் பிரவுன் அவருடன் சேர்ந்தார். பிறகு மொத்த அணியும் உட்கார்ந்துவிட்டது. அறைக்குள்ளிருந்தபடியே விஸ்கான்சின் மாநிலத் தலைமை வழக்கறிஞரையும் துணை ஆளுநரையும் தொலைபேசியில் பிடித்துப் பேசினார்கள். மணிக்கணக்கில் காத்திருந்த செய்தியாளர்கள் முன் கடைசியில் ஹில்லும் பிரவுனும் ஓர் அறிக்கையைப் படித்தார்கள். நாங்கள் களம் இறங்கும்போது முழு உழைப்பையும் பொறுப்பையும் எங்களிடம் எதிர்பார்க்கிறீர்கள். அதையே சட்டம் இயற்றுவோரிடமும் போலீஸிடமும் நாங்கள் கேட்கிறோம் என்றது அது.

அன்றைய மூன்று ஆட்டங்களும் நின்றன. பெண்கள் லீக்கும் நின்றது. நியூயார்க்கில் டென்னிஸ் அரையிறுதியில் ஆட வேண்டிய நவோமி ஒசாகா விலகுவதாக அறிவிக்க, போட்டியையே ஒரு நாள் நிறுத்திவைத்தார்கள். அடுத்து வந்த யுஎஸ் ஓபனுக்கு அவர் ஏழு முகக்கவசங்கள் கொண்டுவந்தார். கொல்லப்பட்ட ஏழு பேரின் பெயர்கள். ஒரு சுற்றுக்கு ஒன்று. ஏழையும் காட்ட வேண்டுமென்றால் இறுதிப்போட்டி வரை ஜெயித்தாக வேண்டும். ஜெயித்தார், கோப்பையும் அவருக்கே.

பல செய்தித்தாள்கள் ஆகஸ்ட் 26ஐப் 'புறக்கணிப்பு' என்று எழுதின. புறக்கணிப்பது வாடிக்கையாளர் செய்வது. உழைப்பவர் உழைப்பை நிறுத்தினால் அதற்குப் பெயர் வேலைநிறுத்தம். வீரர்களின் ஒப்பந்தத்தில் வேலைநிறுத்தத்துக்குத் தடை இருந்தது. அதை மீறித்தான் உட்கார்ந்தார்கள். வீரர் ஒரு தொழிலாளி என்று முன்னால் சொன்னேனே, அதன் மறுபக்கம் இது. முதலாளி அவரை ஒதுக்கலாம். ஆனால் எல்லா வீரர்களும் சேர்ந்து கையைக் கட்டிக்கொண்டால் அரங்கமும் தொலைக்காட்சி ஒப்பந்தமும் வெறும் கட்டடமும் காகிதமும்தான். மண்டியிடுவதைப் பார்த்துவிட்டு ஆட்டத்தை ரசிக்கலாம். ஆட்டமே இல்லையென்றால் ஏன் என்று கேட்டே ஆக வேண்டும்.

கிடைத்தது என்ன

மூன்று நாளில் ஆட்டம் மீண்டும் தொடங்கியது. பல அரங்கங்களை நவம்பர் தேர்தலில் வாக்குச்சாவடிகளாகத் திறந்துவிட உரிமையாளர்கள் சம்மதித்தார்கள்; அது நடந்தது. பக்ஸ் வீரர்கள் முதன்மையாகக் கேட்டது நடக்கவில்லை. விஸ்கான்சின் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தை ஆளுநர் கூட்டினார். பெரும்பான்மைக் கட்சியினர் அதைத் தொடங்கிய கையோடு ஒத்திவைத்துவிட்டார்கள். பிளேக்கைச் சுட்டவர்மீது வழக்கு இல்லை என்று 2021 ஜனவரியில் முடிவானது. ஃபிளாய்டைக் கொன்ற அதிகாரிக்கு 22 ஆண்டு 6 மாதம் சிறை கிடைத்தது. ஃபிளாய்டின் பெயரிலான போலீஸ் சீர்திருத்த மசோதா அமெரிக்க மேலவையைத் தாண்டவில்லை.

இன்னொரு சிக்கலும் கிளம்பியது. துபாய் ஆட்டத்துக்கு இரண்டு நாள் கழித்து, தன் வீரர்கள் எல்லோரும் கட்டாயம் மண்டியிட வேண்டும் என்று தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வாரியம் உத்தரவிட்டது. குவின்டன் டி காக் ஆட மறுத்து விலகினார். பிறகு மன்னிப்புக் கேட்டு, தன் குடும்பத்திலேயே கறுப்பினத்தவர் இருப்பதைச் சொல்லி, அடுத்த ஆட்டத்தில் மண்டியிட்டார். அவர்மீது கோபப்பட்டவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. நிறவெறி ஆட்சி நடந்த மண் அது. ஆனால் உத்தரவு போட்டு வரவழைக்கும் மண்டியிடலில் கேப்பர்னிக்கும் போயரும் அன்று ஹோட்டலில் பேசியது எவ்வளவு மிச்சமிருக்கும்?

பக்ஸ் அறிக்கையைப் படித்த ஸ்டெர்லிங் பிரவுனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2018 ஜனவரியில் ஓர் இரவு, மில்வாக்கியில் ஒரு மருந்துக்கடை வாசலில் அவர் காரை மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில் குறுக்காக நிறுத்தியிருந்தார். அபராதச் சீட்டு கொடுத்து முடிக்க வேண்டிய விஷயம். போலீஸார் பலர் வந்து சேர்ந்தார்கள், அவரைக் கீழே தள்ளினார்கள், மின்னதிர்வுத் துப்பாக்கியால் சுட்டார்கள். போலீஸாரின் உடையில் இருந்த கேமராவிலேயே எல்லாம் பதிவாகியிருந்தது. அவர் நகர நிர்வாகத்தின்மீது வழக்குத் தொடுத்தார். 4 லட்சம் டாலர் தருகிறோம், முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். அவர் ஏற்கவில்லை. ஒர்லாண்டோவில் அறிக்கையைப் படித்த அன்றும் அந்த வழக்கு நடந்துகொண்டுதான் இருந்தது. 2021 மே மாதம் 7,50,000 டாலருக்குச் சமரசம் நிறைவேறியது. அந்த ஒப்பந்தத்தில், அவருடைய அரசியல் சட்ட உரிமைகள் மீறப்பட்டன என்பதை மில்வாக்கி நகரம் எழுத்தில் ஒப்புக்கொண்டது.